மரவளையச் சான்றும் தாது வருடப் பஞ்சமும்: பருவமழை ஆசிய வறட்சி வரைபடத் தொகுதி குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை (1876–78) கும்மிப் பாடல்கள், வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம், ஆங்கில அரசின் ஆவணங்கள் ஆகியவற்றின் வழியாகவே ஆய்வாளர்கள் அறிந்துவந்தனர். எட்வர்டு குக் குழுவினர் 2010ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வெளியிட்ட பருவமழை ஆசிய வறட்சி வரைபடத் தொகுதி, மரவளையம் என்னும் இயற்கைச் சான்றையும் இவ்வரிசையில் சேர்த்தது. அச்சான்று தமிழகப் பஞ்ச வரலாற்றிற்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தொகுதியின் பயன்

மழை குறைந்த ஆண்டில் பல மரங்களின் வளையம் குறுகும். மிகுந்த ஆண்டில் அகலும். பல மரங்களின் வளைய வரிசைகளை ஒப்பிட்டு ஒவ்வொரு வளையத்திற்கும் உரிய ஆண்டு உறுதிசெய்யப்படுகிறது. கருவிப் பதிவுகள் உள்ள காலத்தில் வளைய அகலத்திற்கும் பாமர் வறட்சிக் குறியீட்டிற்கும் உள்ள தொடர்பு கணக்கிடப்பட்டு, அதனடிப்படையில் முற்காலத்து ஈரநிலை மதிப்பிடப்படுகிறது. இம்முறையில் 300-க்கும் மேற்பட்ட மரவளையத் தொடர்களைக் கொண்டு உருவான இத்தொகுதி 1638–41, 1756–68, 1790–96, 1876–78 ஆகிய நான்கு பெருவறட்சிகளை இனங்காட்டுகிறது. தாது வருட வறட்சி தென்னிந்தியாவிற்கு மட்டும் உரியதன்று, ஆசியாவின் பல பகுதிகளைத் தாக்கியது என்பதை ஆவணங்களின் துணையின்றியே இது நிறுவுகிறது. இதுவே இத்தொகுதியின் தலையாய பயன்.

பருவமும் இடமும்

இத்தொகுதி மீட்டுருவாக்குவது ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான ஈரநிலையை. தமிழகத்தின் கிழக்குக் கரையோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழியும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளது. பாமர் குறியீடு முந்தைய மாதங்களின் ஈரநிலையையும் உள்ளடக்கும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வாண்டின் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்ததா என்பதை ஆடி மாத ஈரநிலை கூற இயலாது. அடுத்த ஆண்டின் மதிப்பில் அதன் சாயல் ஓரளவே எஞ்சும்.

இடம் சார்ந்த வரம்பும் உண்டு. தொடர்களில் பெரும்பாலானவை இமயமலை, திபெத், மங்கோலியா, தென்கிழக்கு ஆசியா போன்ற பகுதிகளைச் சார்ந்தவை. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் தெளிவான ஆண்டு வளையம் அமைவதில்லை. தேக்கு சிறந்த விதிவிலக்கு. போர்காவ்ங்கர் குழுவினர் 2010இல் வெளியிட்ட கேரளத் தேக்குத் தொடர் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளைத் தழுவி, எல் நினோவோடு தொடர்புடைய வறட்சிகளைக் காட்டுகிறது. எனினும் அத்தேக்கு தென்மேற்குப் பருவமழை வளமாகப் பெறும் மலைப்பகுதியில் வளர்ந்தது. அதன் சான்றைக் காவிரிப் படுகைக்கோ இராமநாதபுரத்துக் கண்மாய்ப் பாசன ஊர்களுக்கோ நேரடியாகப் பொருத்துதல் தகாது.

வறட்சியும் பஞ்சமும்

இவ்வரம்புகளைக் காட்டிலும் கருதத்தக்கது வறட்சியையும் பஞ்சத்தையும் ஒன்றாகக் கொள்ளும் போக்கு. 1877இல் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளருக்கான நாட்கூலியின் தானிய அளவை ஒரு பவுண்டாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். இந்திய மக்கள் பட்டினியில் மடிந்த அதே காலத்தில் இங்கிலாந்திற்குத் தானியம் ஏற்றுமதியாயிற்று. வளையம் மழையின்மைக்குச் சான்று. கூலிக் குறைப்பிற்கும் ஏற்றுமதிக்கும் சான்றன்று. குறுகிய வளையத்தை மட்டும் காட்டி மாண்டோர் தொகைக்குக் காரணம் கூறுவது, ஆட்சியாளரின் பொறுப்பை வானத்தின் மேல் ஏற்றுவதாகும்.

முடிவுரை

மரவளையச் சான்றை மறுப்பதும் அதனையே முற்ற முடிந்த சான்றாகக் கொள்வதும் ஒருங்கே பிழை. வறட்சியின் பரப்பையும் ஆண்டையும் அறிய மரவளையமும், வடகிழக்குப் பருவமழையின் நிலையை அறிய அக்கால மழைப்பதிவுகளும், பசியின் காரணத்தை அறிய ஆவணங்களும் பஞ்ச இலக்கியங்களும் அடிப்படையாதல் வேண்டும். எந்த வினாவிற்கு எந்தச் சான்று விடைதரும் என்னும் வரையறையே தமிழகச் சூழலியல் வரலாற்றாய்வின் முதல் தேவையாகும்.