சல்லடையில் சலித்த தோட்டம்

போன்சாய் மரத்தைப் பார்ப்பவர் கண் கிளையின் வளைவில் நிற்கும். வளர்ப்பவர் கண் தொட்டிக்குள் உள்ள மண்ணில் இருக்கும். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் போன்சாய்த் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடித்தான் ஓமியா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஆழமில்லாத தொட்டியில் தண்ணீர் எளிதில் இறங்காது. அடியில் தேங்கி வேரை அழுகவைக்கும். அதனால் கலவையில் மண்ணைவிடப் பொடிக்கல்லே அதிகம். அகடாமா என்னும் எரிமலைக் களிமண் உருண்டைகள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நுரைக்கல்லும் எரிமலைக்கல்லும் காற்றுக்கு வழிவிடும். மூன்றும் சமபங்கு என்பது பரவலான கணக்கு. இலையுதிர் மரங்களுக்கு அகடாமாவைக் கூட்டுவார்கள், பைன் மரங்களுக்குக் குறைப்பார்கள்.

கலக்குமுன் சலிக்க வேண்டும்.

ரவை சலிப்பதுபோல்தான், ஆனால் இங்கே கீழே விழும் தூள் வேண்டாதது. அது இடைவெளிகளை அடைத்துவிடும். பெரும்பாலும் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள மணிகளே தொட்டிக்குப் போகும். வேர்களுக்கிடையே அவற்றை இறக்க மூங்கில் குச்சியால் குத்திவிடுவார்கள்.

அமிலமண் விரும்பும் சாட்சுகி அசேலியா பூச்செடிக்கு மட்டும் தனிச் சலுகை: ஜப்பானின் டோச்சிகி பகுதியில் கிடைக்கும் கனுமா நுரைக்கல். காய்ந்தால் வெளிறும், நனைந்தால் மஞ்சளாகும். தண்ணீர் ஊற்றும் நேரத்தை நிறமே சொல்லிவிடும்.