புரத மாற்றங்களும் கணினியின் உரையும்

புரதமொன்று உயிர்க்கலத்துள் ஆக்கப்பட்டவுடன் அதன் வரலாறு முடிந்துவிடுவதில்லை. பொசுபேற்றுக் கூட்டமோ அசற்றைற் கூட்டமோ யூபிக்குவிற்றின் என்னும் சிறு புரதமோ பின்னர் அதன்மேற் சென்று பொருந்துதலும், பொருந்தியது நீங்குதலும் உண்டு. இவற்றைத் திணிவுத் திருசியமானி வெறும் திணிவு வேறுபாடாகவே காட்டும். அதற்குப் பொருள் கூறுவது மென்பொருள். ஆதலின் அதனை ஓர் உரையாசிரியனாகக் கொண்டு, அதன் உரைத்திறனை ஆராய்தல் தகும்.

இத்துறையிற் பெரிதும் பயிலப்படுவது ‘மக்ஸ்குவான்ட்’ என்பது. யேர்மனியிலே மாட்டின்சிறீட்டிலுள்ள மக்ஸ் பிளாங் உயிரிரசாயன நிறுவகத்தைச் சார்ந்த யூர்கன் கொக்ஸ், மத்தியாஸ் மான் என்னும் இருவரும் 2008இல் இதனை அறிவித்தனர். செரின் இரண்டு அடுத்தடுத்து நிற்கப் பொசுபேற்று எதன்மேலதென ஐயம் எழுமிடத்து, இம்மென்பொருள் துணிந்து ஒன்றைச் சாதியாது, ஒவ்வோரிடத்துக்கும் உரிய நிகழ்தகவைப் பகுத்துரைக்கும். ஐயத்தை ஐயமென்றே கூறுவது நல்லுரையின் பண்பு. ஆயின் அதனைப் பயில்வோர் 0.75 என்னும் எல்லையை வகுத்துக்கொண்டு, 0.76 பெற்ற இடத்தையும் 0.99 பெற்ற இடத்தையும் ஒரே நிரையில் வைத்துவிடுகின்றனர். இது உரையின் குற்றமன்று.

உதவி நாடுவோர் வினவுவது பெரும்பாலும் எந்த மாற்றங்களைப் பட்டியலிற் சேர்ப்பது என்பதே. எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவும் தப்பாதெனக் கருதுவாருமுளர். மாறத்தக்க இடங்கள் ஐந்துடைய ஒரு துண்டுக்கு ஒரு மாற்றத்தை மட்டும் கருதினால் 32 வடிவங்கள்; அவ்விடங்களில் இருவகை மாற்றங்களைக் கருதினாலோ 243. வடிவங்கள் பெருகுந்தோறும் தற்செயலான பொருத்தங்களும் பெருகும். அவற்றை விலக்க எல்லையை உயர்த்தும்போது மெய்யானவையும் சில கழிந்துபோம்.

இதனினும் அரிய இடர் ஒன்றுண்டு. யூபிக்குவிற்றின் பொருந்திய புரதத்தைத் திரிப்சினால் வெட்டும்போது, லைசினின்மேல் இரு கிளைசின்கள் எஞ்சும். அவற்றால் ஏறும் திணிவு 114.043 தாற்றன். சிஸ்தீனை அடைத்தற்கு இடும் அயடோஅசற்றமைட்டோ சில வேளைகளில் லைசினையும் பற்றும். ஒருமுறை பற்றினால் ஏறுவது 57.021, இருமுறை பற்றினால் அதே 114.043. அணுக்களின் தொகையும் ஒன்றேயாதலின், எத்துணை நுண்ணிய கருவியும் திணிவு கொண்டு இவற்றைப் பிரித்தறியாது. 2008இல் இது வெளிப்படுத்தப்பட்டு, குளோரோஅசற்றமைட்டு மாற்றாகக் காட்டப்பட்டது. பொசுபேற்றையும் சல்பேற்றையும் பிரிப்பது 0.0095 தாற்றனேயாயினும், அங்கேனும் கருவிக்குப் பற்றுக்கோடு உண்டு. இங்கு அதுவுமில்லை. மென்பொருள் இரண்டையும் யூபிக்குவிற்றின் எனவே கூறும். உயர்ந்த புள்ளியும் வழங்கும்.

உதவி கோரும் மாணவன் அமைப்புக் கோப்பை அனுப்புகின்றான். ஆய்வுகூடக் குறிப்பேட்டை அனுப்புவதில்லை. விடை கூறுவோரும் கோப்பையே திருத்தித் தருகின்றனர். எச்சேர்வை இடப்பட்டது, எவ்வளவு செறிவில், எவ்வெப்பநிலையில், எத்துணை நேரம் என்பன அக்கோப்பில் இல்லை. அவற்றை முதலில் வினவாது கூறப்படும் விடை, எத்துணைப் பரிவுடன் கூறப்பட்டதாயினும், இவ்விடத்திற் பயன்படாது.