அவதானமும் பரிசும்: வில்லியம் யேம்ஸ் கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

வில்லியம் யேம்ஸ் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உளநூற் கோட்பாடுகள்' என்னும் பெருநூலில் அவதானத்தைப் பற்றிய அத்தியாயம் பலராலும் எடுத்தாளப்படுவது. ஆயினும், எடுத்தாள்வோர் பெரும்பாலும் அதன் ஒரு பாதியையே கண்டனர். நாம் முயன்று செலுத்தும் அவதானம், தானே ஈர்க்கப்படும் அவதானம் என அவர் வகுத்த பிரிவு நிலைபெற்றது. அதனோடு சேர்த்து வகுத்த மற்றொன்று மறக்கப்பட்டது. ஒரு பொருள் தன் கவர்ச்சியால் அவதானத்தை ஈர்த்தல் ஒன்று. கவர்ச்சியுடைய வேறொன்றனோடு தொடர்புற்றமையால் ஈர்த்தல் மற்றொன்று. சாளரக் கண்ணாடியில் எழும் மெல்லிய தட்டொலி தன்னளவிற் பொருட்படுத்தத்தக்கதன்று. காதலர் தரும் குறியாயின் செவிக்குத் தப்பாது என்பது அவர் காட்டும் உதாரணம்.

மூளையாராய்ச்சி இதனை வலியுறுத்துகின்றது. வொல்பிராம் சூல்ற்ஸ் குரங்குகளில் நிகழ்த்திய ஆய்வுகளில், டோபமீன் சுரக்கும் நரம்புக் கலங்கள் முதலிற் பழச்சாறு கிடைத்தபொழுது கிளர்ந்தன. பழகியபின், சாற்றை முன்னறிவித்த குறிக்கே கிளர்ந்தன.

ஆனால், 1899இல் ஆசிரியர்க்கென வெளியிட்ட விரிவுரைகளில், இவ்வாறு இரவலாகப் பெறும் கவர்ச்சியின் நன்மையையே யேம்ஸ் எடுத்துரைத்தார். குறை இங்கேதான் உளது. 2011இல் அன்டர்சன், லோரன்ட், யான்டிஸ் என்போர் வெளியிட்ட சோதனையில், சிவப்பு அல்லது பச்சை வட்டத்தைத் தேடிக் கண்டவர்க்குச் சில சதங்கள் கிடைத்தன. ஒரு நிறத்துக்குப் பெரும்பாலும் 5 சதம், மற்றதற்குப் பெரும்பாலும் 1 சதம். பின்னர்ப் பரிசு நின்றது. தேடவேண்டியதும் நிறமன்று, வடிவமே. அவ்வாறிருந்தும், பரிசு மிகுந்த பழைய நிறம் இடையே தோன்றியபொழுது விடை தாமதித்தது. தட்டொலியின்பின் காதலர் வருவர். இந்நிறத்தின்பின் வருவது யாதுமில்லை. பயன் ஒழிந்தபின்னும் குறி அவதானத்தை ஆளுதற்கு யேம்ஸின் உதாரணம் இடந்தரவில்லை.

இச்சோதனையும் குற்றமற்றதன்று. பரிசு பெற்ற நிறமே முன்பு தேடப்பட்ட நிறமாதலின், பரிசின் வலியையும் தேடிய பழக்கத்தின் வலியையும் பிரித்தறிதல் அரிது. (இக்கேள்வியை எழுப்பாமலே அதன் முடிபை எடுத்துரைப்போர் பலர்.) 2015இல் லி பெலியும் துணைவரும் சிட்னியில் நிகழ்த்திய ஆய்வு இச்சிக்கலை அறுத்தது. அதில் நிற வட்டம் ஒருகாலும் தேடப்படும் பொருளாக இருந்ததில்லை. கிடைக்கவுள்ள பரிசின் அளவை அறிவிப்பதே அதன் தொழில். அதனை நோக்கியவர் பரிசை இழப்பர். அங்ஙனமாகவும், பெரும்பரிசை அறிவித்த நிறத்தையே கண்கள் மிகுதியும் நாடின; பரிசு மிகுதியாக இழக்கப்பட்டதும் அந்நிறம் தோன்றியபொழுதே.