ஆறுமணிக்குருவி

வண்ணாத்திவில்லுவிலிருந்து எலுவன்குளம் போகும் வழியில், வில்பத்துக் காட்டோரத்தில் ஆறுமணிக்குருவியைத் தேடுபவர் அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. பாலை, வீரை மரங்களின் கீழ் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும் பறவை அது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசியளவில் இங்கே வந்துசேரும், சித்திரையில் திரும்பிவிடும்.

பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, சிறகில் பளீரென்ற நீலம், கண்ணை மூடிய கரும்பட்டை. இத்தனையும் 19 சென்ரிமீற்றர் உடம்புக்குள்! ஆனாலும் நிழலில் அசையாது நின்றால் கண்ணுக்கே தெரியாது. கட்டை வால் மேலும் கீழும் ஆடும்போதுதான் பிடிபடும்.

விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். சத்தம் வந்த பக்கம் ஓடக்கூடாது. மரத்தில் சாய்ந்து பொறுமையாக நின்றால், அதுவே தத்தித் தத்தி வெளியே வரும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அந்த நீலந்தான்.