நெய்தல் கரையில் முல்லைப்பாட்டு

திருவருகைக் காலத்தின் முற்பகுதியில் திருச்சபை நம் கண்முன் நிறுத்துவது பெத்லகேமின் குழந்தையை அன்று. மீண்டும் வரவிருக்கும் ஆண்டவரையே. டிசம்பர் 17 முதல்தான் வழிபாடு அவர்தம் பிறப்பின் பக்கம் முழுமையாகத் திரும்புகிறது. நம் இல்லங்களிலோ அதற்குள் குடில் எழுந்துவிடுகிறது. காகித விண்மீனும் தொங்கிவிடுகிறது. இரண்டாம் வருகை என்னும் பொருள் மறையுரையோடு நின்றுபோகிறது. காத்திருத்தலைப் பற்றிப் பேச நம்மிடம் சொல் போதவில்லையோ என்னும் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயத்தோடு முல்லைப்பாட்டை மீண்டும் எடுத்துப் படித்தோம். தேம்பாவணி இருக்க, பாசறையைப் பாடும் சங்கப்பாட்டு எதற்கு என்று வினவும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

பத்துப்பாட்டுள் மிகச் சிறியது இது. 103 அடிகளே உடையது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. உ.வே. சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். 1903-இல் மறைமலையடிகள் இப்பாட்டுக்குத் தனியே ஓர் ஆராய்ச்சியுரை வரைந்தார். அப்போது அவர் ஆசிரியப் பணி ஆற்றியது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். தாம்பரத்துக்குப் பெயர்வதற்கு முன் அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில், நம் இராயபுரத்துக்கு அண்மையில்தான் இருந்தது. அடிகளை அடுத்த வீட்டுக்காரராகக் கொண்டாட நமக்கும் சிறிது உரிமை உண்டு! நச்சினார்க்கினியர் அடிகளை முன்பின்னாக மாற்றிப் பொருள் கூட்டினார். மறைமலையடிகள் அதனை மறுத்து, பாட்டை அது நிற்கும் வரிசையிலேயே படித்தார். நாமும் அவர் பக்கமே.

கதை எளிது. கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிப் போருக்குச் சென்றான் தலைவன். கார் வந்தது, அவன் வரவில்லை. பாட்டு காட்டில் தொடங்கவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். கடல்நீரைப் பருகி எழும் முகிலில் தொடங்குகிறது. முல்லைக்கு மழை தருவது நெய்தல். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நாம் பார்க்கும் அதே கடலிலிருந்துதான் அந்தத் தலைவியின் துயரமும் புறப்படுகிறது.

ஊரின் முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி, நற்சொல் கேட்க ஊர்ப்புறத்தே சென்று நிற்கின்றனர். அங்கே ஆயர்குலச் சிறுமி ஒருத்தி. குளிரில் நடுங்கும் தோள்களைக் கைகளால் கட்டிக்கொண்டிருக்கிறாள். சிறு கயிற்றில் கட்டுண்ட கன்று பசியால் தவிக்கிறது. உன் தாயை ஆயர்கள் பின்னிருந்து ஓட்டிவருகின்றனர், இப்போதே வந்துவிடுவாள் என்று அக்கன்றுக்குச் சொல்கிறாள். அவ்வளவே. அரசியின் துயரம் அச்சிறுமிக்குத் தெரியாது. தான் நற்சொல் உரைப்பதாகவும் அவள் எண்ணவில்லை. தானே குளிரில் நடுங்குகிற ஒருத்தி, தன்னினும் எளிய ஓர் உயிருக்குச் சொன்ன ஆறுதல், மாளிகையில் இருப்பவளுக்குச் செய்தியாகிறது. இறைவாக்கைப் பற்றி நாம் குருமடத்தில் பயின்ற பாடங்களுள் இத்துணைத் துல்லியமான எடுத்துக்காட்டு ஒன்றுமில்லை என்று துணிந்து சொல்வோம்.

தலைவி அச்சொல்லால் உடனே தேறிவிடவில்லை. முதுபெண்டிர் திரும்பத் திரும்பத் தேற்றியும் அவள் கண்ணில் நீர் முத்தாக நிற்கிறது. இலக்கணம் பார்ப்போருக்கு இங்கே ஓர் இடர். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். பொறுத்திருப்பவள் அழலாமா? அழுதால் அது நெய்தலாகிவிடாதா? நப்பூதனார் இதற்கெல்லாம் அஞ்சவில்லை. அவர் படைத்த தலைவி அழுகிறாள், நெடிது நினைந்து தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள், நெகிழும் வளையைத் திருத்திக்கொள்கிறாள், மீண்டும் மயங்குகிறாள். இருத்தலும் இரங்கலும் ஒரே நெஞ்சில் ஒரே இரவில் நிகழ்கின்றன.

இதனை இத்துணை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பீடங்களிலிருந்து பொறுமை என்னும் சொல் பெரும்பாலும் அழுகையை அடக்கும் சொல்லாகவே ஒலிக்கிறது. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் படிந்தது; மக்கள் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் கலந்து, படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் நாள், சுனாமியின் நினைவு நாளன்று, நள்ளிரவை ஒட்டி அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். அவர்களிடம் சென்று பொறுமையாயிருங்கள் என்று மட்டும் சொல்வது நற்செய்தியாகுமா? முல்லைப்பாட்டின் முதுபெண்டிர் வீட்டினுள் அமர்ந்து பொறுமையைப் போதிக்கவில்லை. மழையில் ஊர்ப்புறம் சென்று நின்றனர். பவுலடியார் உரோமையருக்கு எழுதுகையில் துன்பத்துக்கும் எதிர்நோக்குக்கும் இடையே வைக்கும் கிரேக்கச் சொல்லுக்குச் சுமையின் அடியில் நிலைத்து நிற்றல் என்பதே வேர்ப்பொருள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதனை மனஉறுதி என்றது. நாம் அதனை மனமார வரவேற்கிறோம்.

அதே மொழிபெயர்ப்பு தந்த எதிர்நோக்கு என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று செபித்தனர். இன்று விசுவாசம் நம்பிக்கையாயிற்று. பழைய நம்பிக்கை எதிர்நோக்காயிற்று. 2025 யூபிலி ஆண்டில் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று நாமெல்லாம் சொல்லிப் பழகினோம். முதியோர் பலருக்கு இன்னும் நாவில் ஒட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் வருகிறவரை எதிர்கொண்டு நோக்குதல் என்னும் காட்சி அதில் இருக்கிறது. கட்டுமரம் போன திசையைக் கரையில் நின்று பார்க்கும் பெண்ணுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

பருவம் தவறிய வாக்கு என்னும் சிக்கலைச் சங்கப் புலவர் பலவாறு பாடினர். குறுந்தொகை 21-ஆம் பாட்டில் ஓதலாந்தையார் காட்டும் தலைவி, கொன்றை பூத்துக் காடே கார் என்று சொன்னாலும் தான் நம்பப்போவதில்லை, ஏனெனில் தலைவர் பொய் சொல்லார் என்கிறாள். 66-ஆம் பாட்டில் கோவர்த்தனாரின் தோழி, பருவமல்லாத மழையைக் கண்டு கொன்றை ஏமாந்து பூத்தது என்று சொல்லித் தலைவியைத் தேற்றுகிறாள். தலைவியின் உறுதி பெரிது; ஆனால் கண்முன் நிற்பதை மறுக்கிறது. தோழியின் அன்பு பெரிது. ஆனால் பொய்யால் ஆற்றுகிறது. நாளும் ஆண்டும் குறித்துத் துண்டறிக்கை அச்சிட்டுக் கடலோரத் தெருக்களில் வழங்குவோர் உண்டு. நாள் கடந்ததும் கணக்கை மாற்றுவர். தோழியின் வேலையைச் செய்கிறார்கள், தோழியின் அன்பில்லாமல்.

வாக்கு மீறுதலின் துயரம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. மகிழமரத்தடியில் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சூளுரைத்த சுந்தரர், திருவொற்றியூரை நீங்கியதும் பார்வை இழந்ததைப் பெரியபுராணம் பாடுகிறது. இராயப்பர் பெயரால் அமைந்ததே இராயபுரம் என்பர். அவர் பெயரைத் தாங்கிய இரண்டாம் திருமுகம் இச்சிக்கலை நேர்நின்று பேசுகிறது. வருகிறேன் என்றவர் எங்கே என்னும் ஏளனத்தை அது மறைக்கவில்லை. காலம் நீண்டதை மறுக்கவும் இல்லை. இது தாமதம் அன்று, எவரும் அழியாதிருக்க வேண்டும் என்னும் ஆண்டவரின் பொறுமை என்கிறது. பொறுமை முதலில் நம்முடைய அறம் அன்று, அவருடையது. இந்தத் திருப்பத்தைச் சங்கத்தோழி அறியாள்.

நப்பூதனார் இதனை ஓரளவு தொட்டுவிடுகிறார் என்பதே நம் வியப்பு. பாசறையில் அரசன் உறங்கவில்லை. வேல் பாய்ந்த புண்ணால் பிடிகளையும் மறந்த களிறுகளை நினைக்கிறான். உண்ட சோற்றுக்குக் கடன் தீர்த்து மாண்ட வீரரை நினைக்கிறான். அம்பு தைத்து, செவி சாய்த்து, தீனி கொள்ளாமல் நிற்கும் குதிரைகளை நினைக்கிறான். ஒரு கை படுக்கையில், ஒரு கை தலையில். காத்திருப்பவள் மட்டும் விழித்திருக்கவில்லை, காத்திருக்கப்படுபவனும் விழித்திருக்கிறான். ஒப்புமையை இதற்குமேல் இழுத்தல் தகாது. அவன் உறக்கம் இழந்ததற்குப் போர் வேட்கையும் காரணம் என்று புலவரே சொல்லிவிடுகிறார். நம் ஆண்டவரோ காயப்படுத்தி வென்றவர் அல்லர், காயங்களோடு எழுந்தவர். பாசறையில் நீர்க்கடிகை பார்த்து நாழிகை சொல்வோரும் உண்டு. நம் காத்திருத்தலில் அந்தப் பதவி இல்லை; அந்த நாழிகையைத் தந்தை ஒருவரே அறிவார்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரிக் கடற்கரையிலிருந்து சென்று திரும்பாத நம் மறைமக்களின் மனைவியருக்கு இப்பாட்டைப் படித்துக்காட்ட முடியுமா என்றும் எண்ணிப் பார்த்தோம். ஏழாண்டு செய்தியில்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டநெறி. நெஞ்சுக்கு அந்தக் கணக்கு இல்லை. அவர்களுக்கு முல்லைப்பாட்டு முழுதும் பொருந்தாது. அவர்கள் கேட்ட நற்சொல் பலிக்கவில்லை. உடல் கிடைக்காத ஒருவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வரும் பெண்ணிடம் நாம் சொல்லக்கூடியது, கடலும் தன்னிடமுள்ள இறந்தோரை ஒப்புவிக்கும் என்னும் திருவெளிப்பாட்டின் வாக்கு ஒன்றே. அதையும் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தே சொல்லுதல் வேண்டும்.

பாட்டின் முடிவைப் பலர் கவனிப்பதில்லை. எழுநிலை மாடத்தில் விளக்கு எரிகிறது. கூரையிலிருந்து விழும் மழைநீரின் ஒலியைக் கேட்டபடி தலைவி கிடக்கிறாள். அவள் செவியில் கொம்பும் சங்கும் ஒலிக்கின்றன. தேர்க்குதிரைகளின் ஆரவாரம் நிறைகிறது. பாட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. இருவரும் சந்திப்பதில்லை, கடைசிச் சொல் குதிரையைக் குறிப்பது. தொடக்கத் திருச்சபை பேணிக்காத்த மாரனாத்தா என்னும் அரமேயத் தொடரையும் இருவகையாகப் பிரிக்கலாம் என்பர் அறிஞர்: ஆண்டவர் வந்துவிட்டார், ஆண்டவரே, வாரும். எழுத்து ஒன்றே, பிரிக்கும் இடமே வேறு. விவிலியத்தின் கடைசி நூலும் அவரை வரச்சொல்லி அழைத்து, ஓர் ஆசியுரையோடு நின்றுவிடுகிறது.