விவிலியம் கூறும் சமாதான வழிகள்: சிவகாசியை முன்வைத்து ஓர் ஆய்வு

விவிலியம் சமாதானத்திற்கு ஒரு வழியே கூறுகிறது என்பார் ஒரு சாரார். முன்னுக்குப்பின் முரணப் பல வழி கூறுகிறது என்பார் மற்றொரு சாரார். ஒவ்வொரு கூற்றும் எவரை நோக்கி எழுந்தது என்பதை ஆராய்ந்த பின்னரே அதன் பொருளைத் துணிதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாம்.

உபாகமம் 20ஆம் அதிகாரம், பகை நகரை அணுகும் படை முதற்கண் சமாதானம் கூற வேண்டும் என விதிக்கிறது. இசைந்தோர் பணிசெய்து வாழலாம், மறுத்தோர்க்கு முற்றுகையே. ஈண்டுச் சமாதானம் என்பது அடிபணிதலாகவே முடிகிறது. ஏசாயா 2ஆம் அதிகாரமோ போர்க்கருவிகள் உழுகருவிகளாகும் நாளைக் காண்கிறது. யோவேல் 3ஆம் அதிகாரம் அவ்வுருவகத்தையே தலைகீழாக்கி, உழுகருவிகளைப் போர்க்கருவிகளாக்குமாறு அழைக்கிறது. இவ்விரண்டும் முரண் எனத் தோன்றினும், இரண்டிடத்தும் இறைவனின் நியாயத்தீர்ப்பு உண்டு. ஏசாயாவில் இறைவன் நாடுகளிடையே நியாயம் தீர்த்த பின்னரே வாள் கொழுவாகிறது. யோவேலில் நியாயத்தீர்ப்பை எதிர்கொள்ள வேண்டிய நாடுகளே அறைகூவப்படுகின்றன. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் வாளும் பிறரை வெட்டும் படைக்கலம் அன்று; உண்மையைப் பற்றினார்க்குத் தம் குடும்பத்துள்ளேயே நேரும் பிரிவு என்பது அடுத்து வரும் அடிகளால் விளங்கும்.

இனி, சொல்லை நோக்குவோம். எபிரேயத்தின் 'ஷாலோம்' குறைவற்ற முழு நலத்தைச் சுட்டுவது. தமிழ் வழக்கிலோ அழும் குழந்தையைச் 'சமாதானப்படுத்துகிறோம்'. தவறியவன் 'சமாதானம் சொல்கிறான்'. எனவே, ஆரவாரம் அடங்கினாலே போதும் என்னும் எண்ணம் தமிழ் வாசகர் உள்ளத்தில் எளிதிற் புகும். எரேமியா 6ஆம் அதிகாரம் கடிவது இவ்வெண்ணத்தையே. புண் ஆறாதிருக்க, ஆறிற்று என்போரை அது பழிக்கிறது.

இவ்வேறுபாட்டிற்குச் சிவகாசி வரலாறு சான்று பகரும். நற்செய்தி இவ்வூர்க்குப் புதியதன்று. வடதிருநெல்வேலியில் ஊர்தோறும் சென்று பணியாற்றிய ராக்லாந்து 1858இல் இங்குத்தான் மறைந்தார். நாடார் சமூகத்தினர் கோயில் நுழைவுரிமை கோர, அதனால் மூண்ட பகை 1899 ஜூனில் கொலையும் தீயுமாய் ஊரை அழித்தது. படை வந்தது, பலர் தண்டனை பெற்றனர், தெரு அமைதியுற்றது. ஆயினும் வழக்கின் வேர் அறவில்லை. கமுதிக் கோயில் வழக்கில் பிரிவி கவுன்சில் 1908இல் நாடார்க்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1939இல் தொடங்கிய கோயில் திறப்பு, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே உரிமையாக நிலைபெற்றது. தெருவில் அமைதி திரும்பியதற்கும் வாயில் திறந்ததற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

கோவூர்கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று சந்து செய்தாரெனின், அவ்விருவரும் ஒரு குடிப்பிறந்த வேந்தர்; நிலையால் ஒத்தவர். ஒத்தாரிடைச் சான்றோர் சொல் போதுவதாகலாம். ஒருவர் உள்ளும் மற்றவர் வாயிலுக்குப் புறத்தும் நிற்குமிடத்து, இருவரையும் ஒருங்கே அடங்குமின் எனல் உள்ளே நிற்பார்க்கே துணையாம்.

ஆகவே, தீர்க்கதரிசிகளின் நீதி முழக்கம் வலியாரை நோக்கியது. மத்தேயு 5ஆம் அதிகாரத்துப் பொறையுரை கேட்போர் தாமே விரும்பி மேற்கொள்ளும் அறம். மறுகன்னம் காட்டுதல் அடியுண்டவன் தேர்ந்துகொள்ளும் நெறி. அடித்தவன் அதனை அவனுக்கு ஓதுதல் உரைப்பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆம். இவ்வாறு கொள்ளின் விவிலியக் கூற்றுகள் பலவும் தத்தம் இடத்திற் பொருந்தும். அடிபணிவித்தலைச் சமாதானம் என்னும் உபாகம விதி ஒன்றே பொருந்தாது எஞ்சும். அதனை எரேமியாவின் கண்டனத்தோடு வைத்து மதிப்பிடுதலே தக்கதென்பது எம் துணிபு.