ஏட்டுச் சுவடியும் மின்னேடும்

பழந்தமிழ் நூல்கள் ஓலைச் சுவடிகளில் உறங்கியது ஒரு காலம். அச்சேறி நாடெங்கும் உலவியது மற்றொரு காலம். மின்னேடுகளாகி, இணையத்தின் வழியே எவர்க்கும் எளியவாகியிருப்பது இக்காலம். இம்மூன்றாம் நிலையைப் போற்றுவோர் பலர், ஆராய்வோர் சிலரே. எனவே அதன் நிறையையும் குறையையும் நடுநிலை பிறழாது நோக்குதல் நம் கடமையாகும்.

முதற்கண் நிறையைக் காண்போம். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலறிஞர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியம் கருதாத தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்தது. பல நாடுகளில் வாழும் அன்பர்கள் நூல்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும் அளித்தனர். தமிழ்நாடு அரசு 2001இல் நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. அது மூலங்களோடு உரைகளையும் அகராதிகளையும் தன் நூலகத்தில் சேர்த்தது. தமிழ் நூலகம் அருகில் இல்லாத வெளிமாநில நகரங்களில் வாழும் நம்மனோர்க்கு இவை பெறற்கரிய பேறு என்பதில் ஐயமில்லை.

இனிக் குறைக்கு வருவோம். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அவர்தம் பதிப்புகள் மூலத்தை மட்டும் தருவன அல்ல. முகவுரை, புலவர் வரலாறு, பிரதிபேதம், அரும்பத விளக்கம் ஆகியவற்றால் கற்பவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வன. மின்னேடுகளிலோ இத்துணைகள் பலவிடத்தும் கழன்று விழுந்தன. பல நூல்களில் மூலம் தனித்தே நிற்கின்றது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பழைய உரையோ முதல் 266 பாடல்களுக்கே உண்டு. இதனை எடுத்துரைக்கும் முகவுரை இல்லையெனின், 266ஐ அடுத்து 269ஐக் காணும் இளைஞன் தட்டெழுதியவர் விட்டுவிட்டார் என்றே கருதுவான்.

சொல் தேடும் வசதியும் இத்தகையதே. "கிழவன்" என்னும் சொல்லைத் தேடினால் அது வரும் இடங்களெல்லாம் நொடியில் திரையில் தோன்றும். ஆயின் பழந்தமிழில் அச்சொல் உரியவனையும் தலைவனையும் குறிக்கும் என்பதை அத்தேடல் கூறாது. முதியவன் என்று மட்டுமே அறிந்த இக்காலச் சிறுவன், அகப்பாடலின் தலைவனை மூப்புற்றவன் ஆக்கிவிடுவான். சொல்லைக் கண்டெடுப்பது எந்திரத்தின் வேலை; பொருளை உணர்த்துவது உரையும் ஆசிரியருமே.

இவற்றினும் பெரிய குறை நம்மிடத்தே உள்ளது. நம் மக்களுள் பலர் வீட்டில் தமிழ் பேசுவர், எழுத்தறியார். அவர்கட்கு ஆயிரம் நூல்கள் இலவசமாகத் திறந்திருப்பினும் அவை பூட்டிய பெட்டகங்களே. தொண்டர்கள் நூலைத் திரை வரை கொணர்ந்து தந்தனர். அதற்கு அப்பால் உள்ள தொலைவைக் கடப்பித்தல் பெற்றோரின் பொறுப்பும் சங்கங்களின் பொறுப்புமாகும்.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. வாரம் ஒருமுறை ஒரு பாடலை மின்னேட்டிலிருந்து எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பித்து, உரையோடு ஒப்பிட்டுப் பொருள் கூற முதியோர் இருவர் முன்வந்தால் போதும். ஆண்டு விழாக்களில் தமிழின் தொன்மையைப் புகழ்தல் எளிது; ஓராண்டில் ஐம்பது பாடல்களைப் பொருளுணர்ந்து கற்ற பத்துச் சிறுவரை அவ்விழா மேடையில் நிறுத்துதல் அரிது. அவ்வரிய செயலை ஆற்றிய சங்கமே மின்னேடுகளின் பயனை முழுதும் கொண்ட சங்கமாகும்.